எஸ்எம்பிஎஸ் தாங்குமா? முதலில் லேபிளைப் படம் பிடித்து அனுப்புங்கள்

"500 வாட் எஸ்எம்பிஎஸ் இருக்கு, இந்தக் கிராபிக்ஸ் கார்டு போட்டா தாங்குமா?" என்று யார் கேட்டாலும் நான் தாங்கும் என்றும் சொல்வதில்லை, தாங்காது என்றும் சொல்வதில்லை. (எஸ்எம்பிஎஸ் என்பது கம்ப்யூட்டருக்குள் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் பிரித்துத் தரும் டப்பா.) "பக்கவாட்டுல ஒட்டியிருக்கிற லேபிளை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்பேன். பாதிப் பேர் அதோடு காணாமல் போய்விடுவார்கள். கேபினெட்டைத் திறக்கச் சோம்பல். மீதிப் பேர் அனுப்பும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், கேள்விக்கான விடையில் முக்கால்வாசி அதிலேயே இருக்கும். அந்த லேபிளை நீங்களே படிக்கத் தெரிந்துகொண்டால் என்னைக் கேட்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு என் அக்கா மகனின் மெஷினை எடுத்துக்கொள்கிறேன். ஐ5-12400 ப்ராசஸர், இரண்டு ரேம், ஒரு எஸ்எஸ்டி, ஒரு ஹார்டு டிஸ்க், மூன்று ஃபேன், 450 வாட் எஸ்எம்பிஎஸ். அவனுக்கு ஆர்டிஎக்ஸ் 4060 போட வேண்டும். மனசுக்குள் ஆர்டிஎக்ஸ் 5070 ஆசையும் இருந்தது. அதற்கும் வருகிறேன்.

லேபிள் எங்கே

எஸ்எம்பிஎஸ் என்ன மாடல் என்று விண்டோஸில் எங்கே தேடினாலும் கிடைக்காது. ப்ராசஸரும் ரேமும் டிஸ்க்கும் தங்கள் பெயரைச் சொல்லிவிடும். சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே ஓடுவது மின்சாரமும் ஒன்றிரண்டு சிக்னல் கம்பிகளும் மட்டும்தான். பெயர் சொல்ல அதற்கு வழியே இல்லை. யுஎஸ்பி வழியாகப் பேசும் உயர்ரக மாடல்கள் சில உண்டு. அதை வைத்திருப்பவர் இந்தக் கட்டுரையைப் படிக்க வந்திருக்க மாட்டார்.

ஆகவே திறந்துதான் பார்க்க வேண்டும். ஷட் டவுன் செய்து, பின்பக்க சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். எஸ்எம்பிஎஸ் கீழே உட்காரும் கேபினெட்டுகளில் லேபிள் பெரும்பாலும் மறுபக்கத் தகட்டைப் பார்த்து இருக்கும், அல்லது மூடியின் உள்ளே ஒளிந்திருக்கும். பின்னால் இருக்கும் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றிக் கொஞ்சம் வெளியே இழுத்தால் தெரியும். கழற்றுவது அந்த நான்கு ஸ்க்ரூ மட்டும்தான். எஸ்எம்பிஎஸ் டப்பாவையே திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும்.

பெரிய எழுத்து வாட்டை மறந்துவிடுங்கள்

லேபிளில் ஒரு கட்டம் போட்டிருக்கும்: +3.3 வோல்ட், +5 வோல்ட், +12 வோல்ட், -12 வோல்ட், +5 வோல்ட் ஸ்டாண்ட்பை. ஒவ்வொன்றின் கீழும் ஆம்பியர். உங்கள் கண் போக வேண்டியது +12 வோல்ட்டுக்கு மட்டும். கிராபிக்ஸ் கார்டும் ப்ராசஸரும் கிட்டத்தட்ட முழுக்க முழுக்க அந்த ஒரு லைனிலிருந்துதான் சாப்பிடுகின்றன. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட்.

அக்கா மகன் அனுப்பிய படத்தில் +12 வோல்ட்டின் கீழே 36 ஆம்ப்ஸ். 12 × 36 = 432 வாட். 450 வாட் எஸ்எம்பிஎஸ், அதில் 432 வாட்டை 12 வோல்ட்டிலேயே தருகிறது. நல்ல வடிவமைப்பு.

அதே வாரம் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு படம் காட்டினார். லேபிளில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு 500 வாட் என்று அச்சடித்திருந்தது. +12 வோல்ட்டின் கீழே 22 ஆம்ப்ஸ். 264 வாட். மீதி வாட்டெல்லாம் 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் இருந்தது. ஒரு காலத்தில் ப்ராசஸருக்கே 5 வோல்ட்டிலிருந்துதான் மின்சாரம் போனது. அப்போது அந்த வாட்டுக்கு வேலை இருந்தது. இன்றைய மெஷினில் அந்த இரண்டு லைனும் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கும். பெயருக்கு 500, கார்டுக்கும் ப்ராசஸருக்கும் சேர்த்து 264. 450 வாட்காரனிடம் இந்த 500 வாட்காரன் தோற்றுப்போவது இப்படித்தான்.

சில லேபிளில் 12வி1, 12வி2 என்று இரண்டு கட்டம் இருக்கும். ஒவ்வொன்றிலும் 18 ஆம்ப்ஸ் என்று போட்டிருந்தால் 36 என்று கூட்டிவிடாதீர்கள். கீழே இரண்டுக்கும் பொதுவாக ஓர் உச்சவரம்பு எழுதியிருப்பார்கள், உதாரணமாக 360 வாட். அதுதான் கணக்கு. "பீக்" என்று எழுதியிருந்தால் அந்த எண்ணையும் விட்டுவிடுங்கள். 100 மீட்டர் ஓட்டக்காரனின் வேகத்தை வைத்து மாரத்தானுக்குக் கணக்குப் போட முடியாது. ஆம்பியர் கட்டமே இல்லாமல் வெறும் வாட் மட்டும் எழுதிய எஸ்எம்பிஎஸ் என்றால் நான் மேற்கொண்டு எதுவும் பேசுவதில்லை. அதில் புதுக் கார்டு ஏறாது, அவ்வளவுதான்.

பின்புறம் 115/230 என்று தள்ளும் சிவப்பு சுவிட்ச் இருந்தாலும் எச்சரிக்கையாகிவிடுவேன். இப்போதைய வடிவமைப்புகள் 100 முதல் 240 வோல்ட் வரை தானாகவே ஏற்றுக்கொள்ளும். அந்த சுவிட்ச் பழைய பாணியின் அடையாளம்.

80 பிளஸ் முத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. 2004-இல் தொடங்கிய இந்தச் சான்று, சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதைத்தான் சொல்கிறது. வெண்கலம் (பிரான்ஸ்), தங்கம் (கோல்டு) என்று அதில் தரங்கள் உண்டு. 500 வாட் வெண்கலமும் 500 வாட் தங்கமும் உள்ளே தருவது அதே 500 வாட். "85 சதவீதம்னா 425 வாட்தானே வரும்" என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. கணக்குத் தலைகீழ். உள்ளே 400 வாட் தேவைப்பட்டால் 85 சதவீதத் திறனுள்ள எஸ்எம்பிஎஸ் சுவரிலிருந்து 470 வாட் இழுக்கும். வித்தியாசம் சூடாகிப் போகும். அது மின் கட்டண விவகாரம்.

கார்டு எவ்வளவு கேட்கிறது

கார்டு தயாரிப்பாளரின் பக்கத்தில் "கிராபிக்ஸ் கார்டு பவர்" அல்லது "போர்டு பவர்" என்று ஓர் எண் இருக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் 115 வாட். அதன் அண்ணன் ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170. பெயரில் எண் கூடினால் வாட்டும் கூடும் என்ற நம்பிக்கையை இந்த ஜோடி உடைத்துவிடும். ஆர்டிஎக்ஸ் 4070-க்கு 200, ஆர்டிஎக்ஸ் 5070-க்கு 250, ஆர்டிஎக்ஸ் 3080-க்கு 320, ஆர்டிஎக்ஸ் 4090-க்கு 450, ஆர்டிஎக்ஸ் 5090-க்கு 575. ஏஎம்டி பக்கம் ஆர்எக்ஸ் 6600 132 வாட், ஆர்எக்ஸ் 7600 165, ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி 263, ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி 304.

இவை அடிப்படை எண்கள். மூன்று ஃபேன் வைத்து, ஓவர்கிளாக் செய்து (வேகத்தைக் கூட்டி) விற்கும் மாடல்கள் இதைவிடக் கூடுதலாக இழுக்கும். நீங்கள் வாங்கப்போகும் அதே மாடலின் பக்கத்தைப் பாருங்கள்.

கார்டைச் சொருகும் மதர்போர்டின் பிசிஐஇ ஸ்லாட் மட்டும் 75 வாட் வரை தரும், அதில் 12 வோல்ட் பங்கு 66 வாட். இதற்குள் அடங்கும் கார்டுகளுக்குத் தனிக் கம்பியே வேண்டாம்: ஆர்எக்ஸ் 6400 (53 வாட்), ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி மாடல் (70 வாட்), ஜிடிஎக்ஸ் 1650-இல் பல. ஜிடிஎக்ஸ் 1650-இலேயே 6-பின் (எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் தனிக் கம்பியின் கனெக்டர்) கேட்கும் மாடலும் உண்டு, படத்தைப் பார்த்து வாங்குங்கள். அந்த 75 வாட் எல்லையைத் தயாரிப்பாளர்களே மீறியதும் நடந்திருக்கிறது. 2016-இல் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 480 ஸ்லாட்டிலிருந்து அளவுக்கு மேல் இழுப்பது தெரியவந்து, டிரைவர் அப்டேட் கொடுத்துச் சரிசெய்தார்கள்.

ப்ராசஸர் பெட்டியில் போட்ட வாட் உண்மை வாட் இல்லை

கார்டின் வாட்டை எல்லோரும் தேடிவிடுகிறார்கள். ப்ராசஸரில்தான் கோட்டை விடுகிறார்கள். ஐ5-12400-க்கு 65 வாட் என்று எழுதியிருக்கும். டர்போவில், அதாவது முழு வேகத்தில், அதன் வரம்பு 117. ஐ7-13700கே-வுக்கு எழுதியிருப்பது 125, வரம்பு 253. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் ப்ராசஸர்களில் 65 வாட் என்றால் பொதுவாக 88 வரையும், 105 வாட் என்றால் 142 வரையும் போகும். இந்தப் பெரிய எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 12 வோல்ட்டை ப்ராசஸருக்கான சின்ன வோல்ட்டாக மாற்றும்போது மதர்போர்டிலேயே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சூடாக வீணாகும். அதனால் 117-ஐ நான் 130 என்று எழுதிக்கொள்வேன்.

"கேம் ஆடும்போது ப்ராசஸர் அவ்வளவு இழுக்காதே மாமா" என்றான் அக்கா மகன். உண்மைதான். பெரும்பாலான கேம்களில் ஐ5-12400 அதன் வரம்பில் பாதியைச் சுற்றித்தான் நிற்கும். ஆனால் கேம் திறந்ததும் ஷேடர் (காட்சிகளை வரையும் சிறு நிரல்கள்) கம்பைல் ஆகும் நேரத்திலும், வீடியோ ரெண்டரிங்கிலும் முழு வேகத்தில் ஓடும். நான் மோசமான நொடிக்குத்தான் கணக்குப் போடுவேன்.

மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க், ஃபேன், கலர் விளக்கு, யுஎஸ்பியில் தொங்கும் சாமான் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கண்ணை மூடிக்கொண்டு 60 வாட். ஹார்டு டிஸ்க் நாலைந்து இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 10 கூட்டிக்கொள்ளுங்கள். இதில் ஒரு பகுதி 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் போகும்தான். நான் எல்லாவற்றையும் 12 வோல்ட் கணக்கிலேயே ஏற்றிவிடுவேன். தவறு நடந்தால் பாதுகாப்பான பக்கம் நடக்கட்டும்.

இப்போது அவன் மெஷின்: 130 + 115 + 60 = 305 வாட். கையிலிருப்பது 432. எழுபது சதவீதம். போடலாம்.

ஆர்டிஎக்ஸ் 5070 என்றால்: 130 + 250 + 60 = 440. கையிலிருப்பது 432. பேச்சு முடிந்தது. 180 வாட் கேட்கும் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்றால் 370, அதாவது 86 சதவீதம். ஓடும். ஓடினாலும் நான் போட மாட்டேன். எனக்கு நானே வைத்திருக்கும் வரம்பு, சாதாரணக் கார்டுகளுக்கு 12 வோல்ட் வாட்டில் 75 சதவீதம். 250 வாட்டுக்கு மேல் கேட்கும் கார்டுகளுக்கு 65. இது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை, நான் நிம்மதியாகத் தூங்குவதற்கான அளவு.

"ஆனா மாமா, கம்பெனி சைட்லயே 4060-க்கு 550 வாட் வேணும்னு போட்டிருக்கானே?" நியாயமான கேள்வி. கம்பெனிக்கு உங்கள் ப்ராசஸர் என்னவென்று தெரியாது, எஸ்எம்பிஎஸ்ஸின் தரமும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரரின் 264 வாட் "500"-ஐயும் மனதில் வைத்துத்தான் அந்த எண்ணை எழுதுகிறார்கள். லேபிளைப் படித்துக் கணக்குப் போட்டவர் அதற்குக் கொஞ்சம் கீழே போகலாம். படிக்காதவர் அந்த எண்ணைப் பின்பற்றுவதே நல்லது. வாரண்டி விஷயத்தில் வாக்குவாதம் வேண்டாம் என்பவருக்கும் அதே பதில்தான்.

கண்ணுக்குத் தெரியாத துள்ளல்

250 வாட்டுக்கு மேல் ஏன் வரம்பை இறுக்குகிறேன்? 320 வாட் கார்டு எப்போதும் 320-இல் நிற்பதில்லை. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்கு எகிறிக் குதித்து இறங்கும். சராசரி காட்டும் மென்பொருளில் இது தெரியவே தெரியாது. எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்றுக்குத் தெரியும். அது "யாரோ ஷார்ட் பண்ணிட்டான்" என்று நினைத்து மொத்தத்தையும் அணைத்துவிடும். 2020-இல் ஆர்டிஎக்ஸ் 3080, 3090 வந்தபோது, கணக்குப்படி போதுமான, நல்ல எஸ்எம்பிஎஸ் வைத்திருந்தவர்களின் மெஷின்கூட கேம் நடுவே பொசுக்கென்று அணைந்தது இதனால்தான்.

எஸ்எம்பிஎஸ்களுக்காக 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி இதற்காகவே எழுதப்பட்டது. புதிய 16-பின் கனெக்டரோடு வரும் 450 வாட்டுக்கு மேற்பட்ட எஸ்எம்பிஎஸ், தன் வாட்டைப்போல் இரண்டு மடங்கு இழுப்பை 100 மைக்ரோ வினாடிக்குத் தாங்க வேண்டும். பெட்டியில் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று இருந்தால் என் 65 சதவீத வரம்பைத் தளர்த்தி 75 வரை போவேன். பழைய எஸ்எம்பிஎஸ் என்றால் தளர்த்துவதில்லை.

கம்பி சொல்வதைக் கேளுங்கள்

லேபிளுக்கு அடுத்தபடியாக நான் கேட்கும் போட்டோ, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் கம்பிகளுடையது. தயாரித்தவனுக்குத் தன் சரக்கின் பலம் தெரியும். எத்தனை கார்டு கனெக்டர் கொடுத்திருக்கிறான் என்பதிலேயே அதைச் சொல்லிவிடுகிறான். 6-பின் 75 வாட்டுக்கு, 8-பின் 150 வாட்டுக்கு. "600 வாட்" என்று போட்டுவிட்டு ஒரே ஒரு 6-பின் கொடுத்திருந்தால், அந்த 600-ஐ அவனே நம்பவில்லை என்று அர்த்தம்.

ஆர்டிஎக்ஸ் 4060 மாடல்களில் பெரும்பாலும் ஒரு 8-பின். அக்கா மகனின் எஸ்எம்பிஎஸ்ஸில் 6+2 என்று பிரியும் ஒன்று இருந்தது. முடிந்தது.

இல்லாதவர்கள் கன்வெர்ட்டர் தேடிப் போவார்கள். டிஸ்க்குகளுக்கு மின்சாரம் தரும் சாட்டா கனெக்டரிலிருந்து 6-பின், 8-பின் ஆக்கும் கன்வெர்ட்டரை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் தொடாதீர்கள். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று சின்னப் பின், ஒன்றுக்கு 1.5 ஆம்ப்ஸ். மொத்தம் 54 வாட். அதில் 150 வாட் கேட்கும் கார்டை மாட்டினால் பிளாஸ்டிக் உருகும், சில சமயம் தீப்பற்றும். பழைய பெரிய நாலு-பின் மோலெக்ஸ் கனெக்டர் அதைவிடக் கெட்டியானது. ஆனால் ஒரு வீட்டில் மோலெக்ஸ் கன்வெர்ட்டர் தேவைப்படுகிறது என்றாலே எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இரண்டு 8-பின் கேட்கும் கார்டுக்கு, ஒரே கம்பியின் நுனியில் வால்போல் தொங்கும் இரண்டாவது கனெக்டரைப் பயன்படுத்துவதை முடிந்தவரை தவிர்த்து, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனியாக இரண்டு கம்பி இழுங்கள். 200 வாட்டை ஒட்டிய கார்டுக்கு ஒரே கம்பி போதும்தான். 300 வாட்டில் அந்தக் கம்பி சுடும்.

ப்ராசஸருக்கும் ஒரு 8-பின் உண்டு, 4+4 என்று பிரியும். கார்டுடையது 6+2 என்று பிரியும். இரண்டிலும் மஞ்சள், கறுப்புக் கம்பிகளின் இடம் வேறு வேறு, வடிவமும் வேறு. இறங்க மறுத்தால் அழுத்தாதீர்கள். மறுப்பது உங்கள் நன்மைக்குத்தான்.

பிறகு அந்தப் பெயர்பெற்ற 16-பின், 12விஎச்பிடபிள்யூஆர். 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்ததும் இது உருகிய படங்கள் பரவின. காரணத்தை எண்ணிலேயே பார்க்கலாம். 8-பின்னில் 150 வாட் என்றால் 12.5 ஆம்ப்ஸ், அதை மூன்று பின் பகிர்கிறது, ஒன்றுக்கு 4 ஆம்ப்ஸை ஒட்டி. 16-பின்னில் 600 வாட் என்றால் 50 ஆம்ப்ஸ், ஆறு பின், ஒன்றுக்கு 8.3. பின் முன்னைவிடச் சின்னது, சுமை இரண்டு மடங்கு. சொருகல் சரியாக அமையாமல் இரண்டு பின் சரியாகத் தொடவில்லை என்றால் மீதி நான்கும் அந்தச் சுமையைத் தலையில் வாங்கிக்கொள்ளும். பிறகு வந்த 12வி-2×6 வடிவத்தில் சிக்னல் பின்களைக் குட்டையாக்கிவிட்டார்கள். முழுதாக இறங்காவிட்டால் கார்டுக்கு மின்சாரமே போகாது. எந்த வடிவமானாலும், இடைவெளி துளியும் தெரியாத வரை அழுத்துங்கள், டார்ச் அடித்துப் பாருங்கள், கனெக்டரிலிருந்து மூன்றரை சென்டிமீட்டருக்குள் கம்பியை மடக்காதீர்கள். கேபினெட் கதவு கம்பியை அழுத்துகிறதா என்பதையும் பாருங்கள். அகலமான கார்டுகளில் அது நடக்கும்.

வயது

லேபிள் புதிதாக இருந்த நாளின் கணக்கைத்தான் சொல்லும். உள்ளே இருக்கும் கப்பாசிட்டர் வருடக்கணக்கில் சூட்டில் காய்ந்து வலுவிழக்கிறது. சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பழைய கணக்கு. தயாரிப்பாளர் கொடுத்த வாரண்டி 3 வருடமா, 5 வருடமா, 10 வருடமா என்று பாருங்கள். அது அவருடைய சொந்த மதிப்பீடு. வாரண்டியைத் தாண்டிய எஸ்எம்பிஎஸ்ஸில் நான் பழைய கார்டை ஓட விடுவேன், புதுக் கார்டை ஏற்ற மாட்டேன். ஃபேன் சத்தம் மாறியிருந்தாலும் கருகிய வாடை வந்தாலும் கணக்கே வேண்டாம்.

பிராண்டு கம்பெனிகளின் ரெடிமேட் ஆபீஸ் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுருக்கம். அவற்றில் 180 முதல் 300 வாட் வரையிலான எஸ்எம்பிஎஸ்தான் பெரும்பாலும் இருக்கும். கார்டுக்கான கம்பி இருக்காது. மதர்போர்டு கனெக்டரே அவர்களுடைய சொந்த வடிவமாக இருக்கலாம், வெளிச்சந்தை எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. ஸ்லாட் மின்சாரத்திலேயே ஓடும் கார்டு ஒன்றைப் பாருங்கள், சின்னக் கேபினெட்டுக்கான பாதி உயரக் கார்டு வேண்டுமா என்று அளந்துகொண்டு.

விளிம்பில் இருப்பவர்களுக்கு

80 சதவீதத்தை ஒட்டி நிற்கிறீர்கள், எஸ்எம்பிஎஸ் நல்லது, கம்பி சரி, வயது குறைவு. அப்படியானால் கார்டின் பவர் லிமிட்டைக் குறைக்கலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் ஒரு ஸ்லைடர் இருக்கிறது. அதை 80 சதவீதத்தில் வைத்தால் வேகம் அந்த அளவுக்குக் குறையாது, ஃப்ரேமில் சில சதவீதம் போகும், சூடும் சத்தமும் நன்றாகவே இறங்கும். எஸ்எம்பிஎஸ் தாராளமாகத் தாங்கும் மெஷினிலேயே நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன். ஃப்ரேம் ரேட்டை மானிட்டர் அளவோடு நிறுத்திவைப்பதும் பலன் தரும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அந்த வரம்பு விண்டோஸ் ஏறி மென்பொருள் கிளம்பிய பிறகுதான் அமலுக்கு வரும். 264 வாட் டப்பாவை இதை வைத்துக் காப்பாற்ற முடியாது.

மாட்டிய பிறகு

முதல் நாள் ஒரு கனமான கேமை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். பக்கத்திலேயே சென்சார் அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள் திறந்திருக்கட்டும். மதர்போர்டு சென்சார் காட்டும் 12 வோல்ட்டை முழுதாக நம்ப முடியாது. கார்டின் கீழே "8-பின் இன்புட் வோல்டேஜ்" என்ற வரி இருந்தால் அதைப் பாருங்கள். விதிப்படி 11.4 வரை இறங்கலாம். சும்மா இருக்கும்போது 12.1, முழுச் சுமையில் 11.9 என்றால் அருமை. சுமையில் 11.5-ஐ நெருங்கினால் கம்பியையோ எஸ்எம்பிஎஸ்ஸையோ சந்தேகிக்கலாம். ஆர்எக்ஸ் 6000 வரிசைக் கார்டுகளில் மென்பொருள் காட்டும் வாட் சிப்புக்கு மட்டுமானது, முழுக் கார்டு அதைவிடக் கூடுதலாக இழுக்கும். குறைவாகக் காட்டுகிறதே என்று மகிழ வேண்டாம்.

பிறகு ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளின் பவர் டெஸ்ட். ப்ராசஸரையும் கார்டையும் ஒரே நேரத்தில் பிழிந்தெடுக்கும். அரை மணி நேரம் போதும், கூடவே உட்கார்ந்திருங்கள். நடுவில் கனெக்டரை அடுத்த கம்பியை வெளியிலிருந்து தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, விரலை எடுக்க வைக்கும் சூடு சரியில்லை.

சுவரில் சொருகும் வாட் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. அது 300 காட்டினால், 88 சதவீதத் திறனுள்ள எஸ்எம்பிஎஸ் உள்ளே தருவது 264 வாட். அக்கா மகனின் மெஷின் கேமில் என் 305 வாட் கணக்கைத் தொடவே இல்லை. அவனுக்கு "நான்தான் சொன்னேனே" என்று சொல்ல ஒரு வாய்ப்பு.

எஸ்எம்பிஎஸ் தாங்கவில்லை என்றால் எப்படித் தெரியும்? நீலத் திரை வராது, எச்சரிக்கை வராது. சுமை ஏறும் நொடியில் டப்பென்று மொத்தமும் அணையும். சில சமயம் பின்பக்க சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் மறுபடி உயிர் வரும். பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டதன் அடையாளம் அது. திரை மட்டும் கறுத்து, கார்டு ஃபேன் முழு வேகத்தில் அலறினால் கார்டு, டிரைவர், கம்பி மூன்றையும் பார்க்க வேண்டும். ஈவென்ட் வியூவரில் "கெர்னல்-பவர் 41" இருந்தது என்று காட்டுவார்கள். ஒழுங்காக ஷட் டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அது ஒன்றும் சொல்லாது.

யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் அதன் லேபிளையும் பார்த்துவிடுங்கள். அதில் பெரிதாக எழுதியிருப்பது விஏ, வாட் அதைவிடக் குறைவு. 600 விஏ என்பது பல மாடல்களில் 360 வாட்தான். மானிட்டரும் அதில்தான் தொங்குகிறது. கரண்ட் போகும் நொடியில் புதுக் கார்டு முழுச் சுமையில் இருந்தால் எஸ்எம்பிஎஸ் தாங்கும், யுபிஎஸ் கைவிரிக்கும்.

கடைசியாக, கணக்கு ஒத்துவராமல் புது எஸ்எம்பிஎஸ் வாங்குகிறவர்களுக்கு. மாடுலர் (கம்பிகளைக் கழற்றி மாட்டக்கூடிய) எஸ்எம்பிஎஸ் என்றால், பழைய கம்பிகளைக் கேபினெட்டிலேயே விட்டுவிட்டு டப்பாவை மட்டும் மாற்றும் ஆசை வரும். அழகாகக் கட்டி வைத்த கம்பியாயிற்றே. கூடாது. கார்டுப் பக்கக் கனெக்டருக்குத்தான் பொது விதி உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியின் இரண்டு வரிசைகளுக்குள்ளும் மாறலாம். சொருகினால் பொருந்தும், சுவிட்ச் போட்டதும் 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 வோல்ட் போகும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படி இரண்டு ஹார்டு டிஸ்க் ஒரே நேரத்தில் போயின, அதில் ஒன்று பேக்கப் டிஸ்க். பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த எல்லாக் கம்பிகளையும் உருவி, அதே டப்பாவோடு சேர்த்துக் கட்டி, மேலே மாடல் பெயரை எழுதி எடுத்து வைத்துவிடுங்கள்.